வாசனை தெரியாதவளின் அடுப்பு

ஒரு காய்ச்சலில் என் மனைவிக்கு வாசனை தெரியாமல் போயிற்று. காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை. "இனிமே இந்த மூக்கு கண்ணாடி மாட்டத்தான்" என்று சிரித்தாள். தையல்காரி, நூல் அறுந்தால் மறுபடி கோத்துக்கொண்டு போகிற ஆள்.

நான் என் முடிவெட்டும் கடையில் இருந்தபோது, ஒரு நாள் சன்னல் காற்றில் கேஸ் அடுப்பு அணைந்துவிட்டது. பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு எதுவும் தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாதான் நாற்றம் தாங்காமல் ஓடிவந்து கேஸை மூடினார். மறுநாளே எங்கள் மகள் வந்து, ரெகுலேட்டரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு சாப்பாடு அவள் வீட்டிலிருந்து டிபன் கேரியரில் வந்தது.

"நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்?" என்று பொருமினாள் என் மனைவி. நேரே கடைக்குப் போய் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றை வாங்கி வந்தாள்.

அது முதல் நாளே முரண்டு பிடித்தது. அலுமினியச் சட்டியை வைத்தால் கீச்கீச்சென்று கத்தியதே தவிரச் சூடாகவில்லை. "பழுதானதை உன் தலையில கட்டிட்டான்" என்று நான் குதித்தேன். அவளோ குண்டூசி பொறுக்கும் காந்தத்தை எடுத்து வந்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தாள். காந்தம் ஒட்டாத பாத்திரம் அந்த அடுப்பில் சூடாகாதாம். ஒட்டாததெல்லாம் பரணுக்குப் போனது, எனக்குப் பிடித்த பால் சட்டி உட்பட.

அடுத்த வம்பு, சத்தம். மூக்கு கைவிட்ட பிறகு அவள் காதால் சமைத்துவந்தாள். வெங்காயத்தின் சடசடப்பு அடங்குவதை வைத்தே பதம் சொல்வாள். இந்த அடுப்புக்குள் சுற்றும் விசிறியோ உய்யென்று இரைந்து அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. உருளைக்கிழங்கு கருகியது. மறுநாளும் கருகியது. நான் மூக்கை உறிஞ்சினால் போதும், "நீங்க சொல்லக்கூடாது! கடைக்குப் போங்க" என்று விரட்டுவாள். கரண்டியால் அழுத்திப் பார்த்தும், சூட்டை ஏற்றி இறக்கியும், விடாமல் மல்லுக்கட்டினாள். கருகலே எனக்குப் பழகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "கேரியர் வேண்டாம்னு அவ வாயால சொல்லணும்" என்றாள் என்னிடம்.

மகள் உருளைக்கிழங்கில் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மெல்வதை நிறுத்தினாள்.

"அம்மா, அடிப்பிடிச்சிருக்கு."

இந்த அடுப்பையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ? காய்ச்சலுக்குப் பிறகு என் மனைவியின் சமையலை யாரும் குறை சொன்னதே இல்லை. நோயாளியிடம் பேசுவதுபோல, எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்லிவந்தோம்.

"ரொம்பவா?" என்று கேட்டாள் என் மனைவி.

"லேசாத்தான். அடியில மட்டும்."

"அப்ப நாளைக்கு சூட்டை இன்னும் கொறச்சு வைக்கிறேன்."

நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"வைம்மா" என்றாள் மகள். "இப்ப மேலாப்புல இருக்கறத இன்னும் கொஞ்சம் போடு."