விமானத்துக்கு மயில் ஓட்டினோம்

இரண்டு வருடத்துக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. எங்கள் ஊர், சத்தியமங்கலத்திலிருந்து பவானி போகும் வழியில் உள்ளடங்கிய ஒரு கிராமம். நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்தை ஒட்டி, நிலத்துக்காரரான மில் முதலாளி நீளமாக ஒரு தார்ச்சாலை போட்டிருந்தார். எந்த ஊருக்கும் போகாத சாலை. அவருடைய நண்பர் சின்ன விமானம் வைத்திருக்கிறாராம், அது வந்து இறங்குவதற்காம்.

அனுமதி வாங்கினாரா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. சும்மா கிடக்கிற தாரை விடுவோமா? ஊரே அதில் மக்காச்சோளம் காயப்போட்டது. சோளத்தைத் தேடி மயில்கள் கூட்டமாக வந்து பழகிவிட்டன.

விமானம் வருவதற்கு முதல் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, சோளத்த ஓரமா அள்ளிப்போடுங்க. ஏழெட்டுப் பொம்பளைங்களக் கூட்டியாந்து மயில ஓட்டிக் குடுங்க. அவங்க மேக்கால இருந்துதான் வருவாங்க. நீங்க கெழக்கால நின்னுக்குங்க, ஒண்ணும் பயமில்ல."

பெரிய மனிதர் நம்மிடம் உதவி கேட்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரமாட்டேன் என்ற நாத்தனாரையும் வம்பாக இழுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிழக்குக் கோடியில் நின்று தட்டும் தகரமுமாக அடித்தோம். எல்லோர் கண்ணும் மேற்கே. அன்று பார்த்து காற்று திசை மாறி, மேற்கிலிருந்து வீசியது. காற்றை எதிர்த்துத்தான் விமானம் இறங்கும் என்பது பிற்பாடு தெரிந்துகொண்ட விஷயம். காற்றைக் காட்டக் கொடி இல்லை, விமானியிடம் பேச ஆள் இல்லை, சுற்றி வேலிகூட இல்லை. நாங்கள் அடித்த அடியில் இன்ஜின் சத்தமும் கேட்கவில்லை.

தகரத்தைக் கை மாற்றும்போது தற்செயலாகத் திரும்பினேன். விமானம் எங்கள் முதுகுக்குப் பின்னால், பனைமர உயரத்தில் வந்துகொண்டிருந்தது.

கத்தினேன். எல்லோரும் ஓடினார்கள். நாத்தனார் மட்டும் தார் நடுவே மயிலை விரட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளைத் தள்ளிக்கொண்டு விழுந்தேன். சக்கரம் எங்கள் காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. மயில்கள் குறுக்கே எழும்ப, விமானம் தடுமாறி சோளக் குவியலில் ஏறிச் சாய்ந்து நின்றது. விமானி இறங்கி எங்களிடம் ஓடி வந்தார். "கீழ ஆளுங்க இருப்பாங்கன்னு யாருமே சொல்லலீங்களே" என்றார். விழுந்ததில் நாத்தனாருக்கு வலது கை முறிந்துவிட்டது.

சாயங்காலம் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். "உசுருக்கு ஒண்ணும் ஆகலீல்லங்க. மறுக்கா வாரப்போ கொடி காட்ட ஒரு ஆள நிறுத்திப்போடலாம். வெளிய பேச வேண்டாமுங்க அம்மணி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மறுக்கா வராதுங்கண்ணா. நான் மனுக் குடுக்கப் போறனுங்க" என்றேன்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர், "தோட்டத்தப் புடுங்கிப்போடுவாங்க, யோசிச்சுக்கோ" என்றார். யோசித்தேன். மறுநாள் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். கட்டுப்போட்ட கையோடு நாத்தனாரும் கிளம்பிவிட்டாள்.

அங்கிருந்த அலுவலர் மனுவைப் படித்துவிட்டு, "அப்படி ஒரு ஓடுதளம் எங்க ரெக்கார்டுலயே இல்லையேம்மா" என்றார்.

"அதத்தானுங்க சார் நானும் எழுதியிருக்கறேன்" என்றேன்.

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்த வாரமே ஜீப்பில் வந்து அளந்தார்கள், விமானம் இறங்கத் தடை போட்டார்கள். குத்தகை முடிந்ததும் முதலாளி தோட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இப்போது வேறு ஊரில் பண்ணையம் செய்கிறோம். கல்யாண வீடுகளில் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் திருப்புவதில்லை.

ஆனால் நாத்தனாரை அந்தத் தாரின் நடுவே நிறுத்தியது முதலாளி இல்லை, நான்தான். அதனால் இப்போதெல்லாம் எவ்வளவு பெரிய மனிதர் "ஒன்றும் பயமில்லை, இங்கே நில்லுங்கள்" என்று சொன்னாலும், எங்களோடு நீங்களும் நிற்பீர்களா என்று கேட்காமல் நான் நிற்பதில்லை, யாரையும் நிற்க விடுவதுமில்லை.