காய்ந்துவிட்டது என்று சொன்னேன்

ஈரமாக இருந்தது. காய்ந்துவிட்டது என்று சொன்னேன்.

என் குற்றம் இவ்வளவுதான். இதை வெளியே சொல்ல எனக்கு நான்கு வருடம் பிடித்தது! நீங்கள் ஒரு நொடியில் படித்து முடித்துவிட்டீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கொலை, கொள்ளை என்று எதையாவது எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் மன்னியுங்கள். அதற்கெல்லாம் துணிச்சல் வேண்டும். மாடு திரும்பிப் பார்த்தாலே இரண்டடி பின்வாங்குகிற ஆள் நான். கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை. டாக்டர் ஊசி போடுவார். நான் வாலைப் பிடிப்பேன். ஆனாலும் ஊர் என்னைத்தான் ‘டாக்டரு’ என்று கூப்பிடுகிறது. ஒரு நாளாவது நான் மறுத்ததுண்டா? இல்லை… வாயைத் திறக்காமலே பொய் சொல்லலாம் என்று அப்போதே பழகிவிட்டேன் போலிருக்கிறது.

மாதேஷ் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். என்னைவிட எட்டு வயது இளையவன், ‘அண்ணா’ என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடைக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் நாங்கள் இருவரும் களிமண்ணில் டைனோசர் செய்வோம்.

சிரியுங்கள், பரவாயில்லை. என் மனைவி செல்வி சிரித்ததைவிட அதிகமாக உங்களால் சிரித்துவிட முடியாது. “உசுரோட இருக்கற மாட்டுக்கே வைத்தியம் தெரியல, செத்துப்போன பல்லிக்குக் காலு ஒட்டப் போறாராம்!” என்பாள்.

மாதேஷ் எலும்புகளின் அளவைத் தேடிப் பிடித்து, இருபதில் ஒரு பங்காகக் குறைத்து, ஒரு நீளமான நோட்டில் எழுதி வைப்பான். முகம், கண், தோலின் சொரசொரப்பு எல்லாம் அவன் கை. உடம்பு என் கை. கால் எந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும், எடையை ஊன்றும்போது தொடைச் சதை எங்கே புடைக்கும் என்பது, விழுந்த மாடுகளைத் தூக்கித் தூக்கி என் தோளுக்குத் தெரியும்.

“அண்ணா, நீங்க செஞ்ச காலு நிக்குதுங்ணா. நான் செஞ்சா போஸ் குடுக்குது” என்பான். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான்.

செய்த விலங்கை உள்ளே குடைந்து, சுவரை விரல் கனத்துக்குக் கொண்டுவந்து, நிழலில் ஈரச்சாக்கு போர்த்தி, மெல்ல மெல்லக் காயவைக்க வேண்டும். பிறகு கோவிந்தனின் செங்கல் சூளையில் ஒரு மூலை எங்களுக்கு. அதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. மண்ணைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அதைச் சூளையில் வைத்தால் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல், வெடித்துவிடும். கைக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியும்.

மாதேஷுக்கு முகம் நிறையத் தாடி. ஆகவே கன்னம் எப்போதும் என்னுடையது. நான் கன்னத்தை வைத்து “காஞ்சிடுச்சு” என்றால் சூளைக்குப் போகும். “இல்ல” என்றால் இன்னொரு வாரம் கிடக்கும். ஆறு வருடத்தில் ஒரு முறைகூட அவன் “நிச்சயமாங்ணா?” என்று கேட்டதில்லை.

ஒரு முறைகூட!

அந்த நம்பிக்கையை அவன்தான் முதலில் உடைத்தான். அதைச் சொல்லாமல் நான் மேலே போக மாட்டேன். குற்றவாளிக்கும் தன் பக்க நியாயத்தைச் சொல்ல ஆசை இருக்காதா?

கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்க அவன் கடைக்குப் போயிருந்தேன். அவன் டீ சொல்லப் போயிருந்தான். கணினியில் எங்கள் விலங்குகளின் படங்கள் வரிசையாகத் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றின் கீழும் ‘வடிவமைப்பு: மாதேஷ்’. பக்கத்திலேயே ஒரு கடிதம். பெங்களூரில் யாரோ குழந்தைகளுக்காக ஓர் அறிவியல் பூங்கா அமைக்கிறார்களாம். அவர்களுக்கு ஒரு மாதிரி செய்து அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் அங்கேயே தங்கி எல்லா விலங்குகளையும் செய்யலாம். ‘ஆறு வருடமாகத் தனியாகவே செய்து வருகிறேன்’ என்று எழுதியிருந்தான்.

தனியாகவே…

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு படம் இருந்தது. மூன்று கொம்பு டைனோசர் ஒன்று சாய்ந்துவிடாமல் நான் அதன் வயிற்றைத் தாங்கிப் பிடிக்க, அவன் எடுத்த படம். இப்போது அதில் என் கை இல்லை! வழுக்கைத் தலைவர்களுக்கு முடி வைத்துக் கொடுக்கிற அதே லாவகத்தோடு என் கையை அழித்திருந்தான். கை இருந்த இடத்தில் மேஜையின் மரக்கோடுகள் அழகாக ஓடின. இவ்வளவு சுத்தமான வேலையை அவன் எனக்காக ஒரு நாளும் செய்ததில்லை.

டீ வந்தது. குடித்தேன். “என்னங்ணா, முகம் ஒரு மாதிரி இருக்குது?” என்றான். “உன் டீயக் குடிச்சா வேற எப்படிடா இருக்கும்?” என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன்.

என் நோய் அதுதான். கோபம் வந்தால் திட்டுகிறவன் பிழைத்துக்கொள்கிறான். எனக்குக் கோபம் வந்தால் ஜோக் வருகிறது.

அவனாகச் சொல்லுவான் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரமும் பெங்களூருக்குப் போக வேண்டிய விலங்கை நானேதான் அவனுடன் உட்கார்ந்து செய்தேன்! நீண்ட கழுத்து, நீண்ட வால், யானையைப் போல நான்கு தூண்கள். காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் அளவைக் கூட்டிச் செய்தோம். அதற்கு நான் ‘லட்சுமி’ என்று பெயர் வைத்தேன். எங்கள் மருந்தகப் பதிவேட்டில் பாதி மாடுகளுக்கு அந்தப் பெயர்தான். அவ்வளவு கனத்தைத் தாங்க வேண்டுமே என்று பின்தொடையை மட்டும் இரண்டு விரல் கனத்துக்கு விட்டேன். என் கையிலிருந்து பிறந்ததிலேயே நல்ல தொடை அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

சூளைக்கு ஏற்ற வேண்டிய ஞாயிறு. காலை பத்து மணி இருக்கும். கோவிந்தன் வந்து நின்றான்.

“டாக்டரு, இன்னைக்கி சூளைக்கு மூட்டம் போடறேன். உங்க பல்லி வருதா இல்லையா? அப்புறம் அடுத்த சூளை தீவாளிக்குத்தான்.”

மாதேஷ் என்னைப் பார்த்தான். நான் லட்சுமியின் அருகே குனிந்தேன். அவனுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுக்க நினைத்தேன். என்ன பெருந்தன்மை, பாருங்கள்!

“ஏன்டா மாதேசு, இது எங்க போவுது?”

“இஸ்கூல் எக்ஸிபிசனுக்குத்தாங்ணா. சொன்னேன்ல?”

கண்ணைப் பார்த்துச் சொன்னான். கண் சிமிட்டவில்லை.

பின்தொடையில் கன்னத்தை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. கிணற்றடிக் கல்லைப் போல… இன்னும் ஒரு வாரம் கேட்கிற குளிர்ச்சி. சந்தேகத்துக்கே இடமில்லை.

“காஞ்சிடுச்சு. ஏத்து.”

ஒரே மூச்சில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அவன் லட்சுமியை வைக்கோலில் வைத்து, பிள்ளையைத் தூக்குவதைப் போலத் தூக்கி வண்டியில் ஏற்றினான். நான் போய் மதியம் கறிச்சோறு சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். இதையும் எழுதித்தானே ஆக வேண்டும்?

சூளை ஆறிப் பிரிக்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. உள்ளே சில்லுச் சில்லாகக் கிடந்தது. தலை மட்டும் முழுசாக இருந்தது. மாதேஷ் செய்த தலை. பெங்களூர்க்காரர்கள் கொடுத்த கெடு முடிந்துபோயிருந்தது. அவர்கள் வேறு யாரையோ வைத்துக்கொண்டார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது… அரை நாள்.

மறுநாள் மருந்தகத்தில் ஒரு சினைமாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாதேஷ் வந்தான். வந்தவன் அத்தனை பேர் நடுவில் சாணியென்றும் பாராமல் என் காலில் விழுந்தான்!

“அண்ணா, உங்க கைய நான்தாங்ணா போட்டோவுல அழிச்சேன். உங்கள வுட்டுட்டுப் பெங்களூரு போலாம்னு பாத்தேன். அதான் வெடிச்சிடுச்சு. நான் செஞ்ச துரோகந்தாங்ணா உள்ள போயி வெடிச்சது!”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ‘துரோகம் வெடிக்காதுடா, ஈரம்தான் வெடிக்கும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அதற்குள் மாட்டுக்காரப் பாப்பாத்தியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், ஒப்புக்கிட்டானே… மன்னிச்சிருங்க டாக்டரு” என்றாள்.

மன்னித்தேன்!

ஒரு கையில் மாட்டுவாலைப் பிடித்தபடி, மறு கையால் அவன் தலையைத் தொட்டு, “விடுப்பா, எழுந்திரு. நான் இப்பவே மறந்துட்டேன்” என்றேன். தெய்வமே! நான்கு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வாயிலிருந்து துப்ப முடியாமல் இருக்கிறேன். ‘காஞ்சிடுச்சு’ என்ற பொய்யையாவது ஆத்திரத்தில் சொன்னேன் என்று சமாதானம் செய்துகொள்ளலாம். இந்த மன்னிப்பை? நிதானமாக, சுவைத்துச் சொன்னேன். “டாக்டரு மனசு தங்கமுங்க” என்று பாப்பாத்தியக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

அவன் தீர்த்தமலைக்குப் போய் மொட்டை போட்டான், தாடியையும் எடுத்தான். நானும் கூடப் போனேன். துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழித்த கன்னத்தோடு அவன் திரும்பியபோது துண்டை நீட்ட மறந்து அந்தக் கன்னத்தையே பார்த்தேன். இனி மண்ணின் ஈரம் இவன் கன்னத்துக்கும் தெரிந்துவிடுமே! ஆனால் பயந்திருக்கத் தேவையே இல்லை. அதற்குப் பிறகு அவன் களிமண்ணைத் தொடவில்லை. “நான் தொட்டா வெடிக்கும், நீங்க செய்யுங்ணா” என்று அந்த நீள நோட்டையும் என்னிடமே கொடுத்துவிட்டான்.

துரோகம் செய்தது அவன்தானே? ஆமாம். இன்றைக்கும் அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. அந்த எரிச்சல் பொய்யில்லை. ஆனால் அவன் தன் துரோகத்தை என் காலடியில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான். நான் என்னுடையதை யார் காலில் இறக்கிவைப்பது? எந்த மாடு என் வாக்குமூலத்தைக் கேட்கும்?

அவன் புத்தகம், பத்திரிகை எதையும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் சொல்கிறேன். இதுவும் ஒரு திருட்டுத்தனம் என்று எனக்குத் தெரியாமலில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, நான் புதிதாக ஒன்றுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று கேட்டான்.

“அண்ணா, சாமி குத்தம் ஒருபக்கம் இருக்கட்டும். வேலையில என்னங்ணா தப்பு நடந்திருக்கும்? மணலு கம்மியா போட்டமா? கோவிந்தன் அனல வேகமா ஏத்திட்டானா?”

எல்லாவற்றையும் கேட்டான். என் கன்னத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“மண்ணுல கல்லு கெடந்திருக்கும்பா.”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு முன்னால் கொட்டகைக்கு வந்துவிடுகிறான். “சலிக்கறது தப்பில்லீங்களே, பெசஞ்சாத்தானே தப்பு” என்று சொல்லி, ஏரி வண்டலை உலர்த்தி, இடித்து, வேட்டித்துணியை இரண்டாக மடித்துச் சலிக்கிறான். ஒரு பொடிக்கல் சிக்கினாலும் விரலில் எடுத்து வெளிச்சத்தில் காட்டுகிறான்.

“இந்த மாதிரிதாங்ணா இருந்திருக்கும், இல்ல?”

தலையிலும் புருவத்திலும் மண் அப்பிக்கொண்டு, நான் போட்டுவைத்த இல்லாத கல்லைத் தேடி, அவன் சலித்துக்கொண்டே இருக்கிறான்.

“ஆமாம்பா” என்கிறேன். “இந்த மாதிரிதான்.”