ஓசையின்றி இறங்க வேண்டிய கால்

கண்டியில், மரத்தரை போட்ட ஒரு பழைய மண்டபத்தில், சனிக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கான பாலே வகுப்பு நடந்தது. நாற்பத்தாறு வயதில் அங்கே சேர்ந்தேன். முதல் நாள், குதிகால்களைச் சேர்த்துப் பாதங்களை வெளிப்புறம் திருப்பி நிற்கச் சொன்னார் ஆசிரியை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர். குனிந்து என் கால்களைப் பார்த்தார்.

"அக்கா, முந்தி எங்கையாவது பழகினனீங்களோ?"

"பரதம் ஆடியிருக்கேன் டீச்சர். விட்டு ரொம்ப நாளாச்சு."

"அதுதான்! மற்ற ஆக்கள் இப்பிடி நிக்கவே ரெண்டு மாசம் எடுப்பினம்."

அன்று பிலிமத்தலாவையில் இருக்கும் வீடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கால்வலி தெரியவில்லை.

அந்தப் பெருமை சில வாரங்களே நீடித்தது. பாலேயில் காலைத் தரையோடு உரசி நீட்ட வேண்டும். விரல் நுனிதான் கடைசியாக எழ வேண்டும். கால் திரும்பி வரும்போது விரல் நுனி, பாதத்தின் முன்பகுதி, குதிகால் என்று வரிசையாக, ஓசையின்றி இறங்க வேண்டும். நீட்டுவது வந்தது. இறங்கும்போது முழுப் பாதமும் ஒன்றாகத் தரையில் அறைந்தது. பரதத்தில் தட்டடவு பழகிய கால் அது. பியானோவில் தாளம் விழுந்த இடத்தில் தானும் விழுந்தது.

பயிற்சிக்காகச் சுவரோரம் பொருத்திய கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு அடுத்து நிற்பவள், கம்பளையிலிருந்து வரும் வங்கிக்காரப் பெண். "மெதுவாக்கா," என்றாள். "நீங்க கால வச்சா ஹந்தானை மலையில மண்ணு சரியும்."

வருட முடிவில், வீட்டாரை அழைத்து ஒரு சிறு ஆட்டம் நடத்துவார்கள். கம்பியில்லாமல், மண்டபத்தின் நடுவில், மெதுவான இசைக்கு. அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. வீட்டில் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு பழகினேன். முழங்காலை முறுக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து காலைத் திருப்பினேன். தொடையின் உட்புறத் தசையால் இழுத்துப் பிடித்து மெல்ல இறக்கினேன். இசையில்லாவிட்டால் சரியாக வந்தது. வானொலியைப் போட்டதும் தட்டியது.

கணவர் வாசலில் வந்து நின்றார். "மேல மொளகா இடிக்கிறீங்களான்னு கீழ் வீட்டுல கேக்குறாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

கடைசி ஒத்திகையில் எல்லோருடைய கால்களும் ஒன்றாக இறங்கின. என்னுடையது மட்டும் கேட்டது. ஆசிரியை இசையை நிறுத்தினார். யாரென்று அவர் கேட்கவில்லை. யாரும் என் பக்கம் திரும்பவும் இல்லை.

வகுப்பு முடிந்து நான் சப்பாத்தைக் கழற்றும்போது அருகில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இந்த முறை நீங்கள் ஆட வேண்டாம். குறை நினையாதேங்கோ. உங்கட உடம்பில பரதம்தான் இருக்கு. திரும்ப அதுக்கே போகலாமே?"

அன்போடுதான் சொன்னார். முழங்கால் தேய்ந்து, அரைமண்டியில் அமர முடியாமல்தான் பரதத்தை விட்டேன். இனிமேல் காலைத் தட்டவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தட்டாமல் ஆடும் நடனம் என்றுதான் இங்கே வந்தேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

"சரி டீச்சர்," என்றேன்.

"வாங்கக்கா, பஸ் போயிரும்," என்று வங்கிக்காரப் பெண் என் பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதங்களையும் வைத்து, அவள் பின்னால் இறங்கினேன்.