அம்மன் கோயில் சுண்ணாம்பும் ஈயக் குட்டையும்

இதை எழுத உட்கார்ந்து, இரண்டு வரி எழுதி, காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்த தடவைகள் எனக்கே கணக்கில்லை. என் மனைவி உயிரோடு இருந்தவரை எழுத நினைக்கவே பயம். அவள் போன பிறகும் ஏழு வருடம் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவன் நான். எழுத்தில் பிழை இருக்கும். சொல்வதில் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ள மாரியாத்தா துணை இருக்கட்டும்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். ராசா டவுனிலிருந்து சைக்கிளில் ஒரு மணி நேரம் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். பால்வெட்டு பாதி நின்றுவிட்டது. காலையும் மரவள்ளி, மாலையும் மரவள்ளி. தோட்டத்து ஆண்கள் பெயரை லிஸ்ட் போட்டு, சயாமில் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிப் போனார்கள். போனவர்களில் ஒருவரிடமிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. லோரி சத்தம் கேட்டால் லயத்து வீடுகளில் பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்துவிடுவார்கள்.

என் மனைவியின் அண்ணனும் நானும் மட்டும் அந்த லிஸ்டில் சேராமல் தப்பித்துக்கொண்டிருந்தோம். காரணம் ஈயக் குட்டை.

தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய ஈயச் சுரங்கம் இருந்தது. வெள்ளைக்காரன் ஓடும்போது பம்பு, என்ஜின் சாமான் எல்லாவற்றையும் அந்தக் குழிக்குள் தள்ளிவிட்டுப் போனான். தண்ணீர் நிறைந்து குழி குட்டையாகிவிட்டது. ஜப்பான்காரனுக்கு அந்தச் சாமான்கள் வேண்டும். மச்சான் தோட்டத்துப் பம்பு வீட்டில் வேலை பார்த்தவர். ஆற்றுக்குள் முங்கி, குழாய் வாயில் அடைத்த குப்பையை எடுத்துப் பழகியவர். நான் ரப்பர் பேக்டரியில் கிழிந்ததை ஒட்டுகிறவன். அதனால் எங்கள் இருவரையும் பிடித்தார்கள்.

சுரங்க ஸ்டோரில் மரப்பெட்டிக்குள் இரண்டு மூச்சுக் கருவிகள் கிடைத்தன. அதை இயக்கத் தெரிந்தவர் சுரங்கத்தில் முன்பு வேலை பார்த்த சீனர், மெக்கானிக். மலாயில்தான் எங்களோடு பேசுவார். மார்பில் கட்டிக்கொள்ள ஒரு ரப்பர் பை. இடுப்பில் ஆக்சிஜன் அடைத்த சிறிய இரும்புப் புட்டி. முதுகுப் பக்கம் வெள்ளைப் பொடி நிரப்பிய தகரப் பெட்டி. வாயில் கடித்துக்கொள்ள ஒரு ரப்பர் கட்டை, மூக்குக்கு ஒரு கிளிப். நாம் விடும் மூச்சு வெளியே போகாது. பெட்டிக்குள் போய், பொடியில் அதன் விஷம் கழிந்து, பைக்கு வந்து, திரும்ப நமக்கே வரும். குறைவதைப் புட்டியைத் திறந்து நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை இறங்கியபோது உள்ளே இருந்த அமைதியை நான் வேறு எங்கும் கண்டதில்லை. குமிழி இல்லை, சத்தம் இல்லை. என் மூச்சு மட்டும் பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல் கேட்டது. குட்டைத் தண்ணீர் சில்லென்று இருக்கும், ஆனால் பொடி வழியாக வரும் மூச்சு இளஞ்சூடாக இருக்கும். மீன்கள் பயப்படாமல் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும். மேலே துப்பாக்கி, பசி, லிஸ்ட் எல்லாம் இருக்க, கீழே அரை மணி நேரம் நான் யாருக்கும் அடிமை இல்லை. சாமி கும்பிடும்போது வருகிற அமைதி அது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மேலே வந்தால் அன்றைக்கு ஒரு டின் அரிசியும் கிடைக்கும்.

தொல்லைகளும் குறைவில்லை. பை வாரத்துக்கு ஒரு தடவை விரிசல் விடும். நான் ரப்பர் பாலை உறையவைத்து, மெல்லிய தகடாகத் தேய்த்து ஒட்டுவேன். ஒவ்வொரு நாளும் கழுவி நிழலில் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்து நாறும். பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் பொடி கரைந்து வாய்க்கு வந்து நாக்கைப் பொசுக்கிவிடும். மூன்று ஆள் ஆழத்துக்குக் கீழே போகக்கூடாது, போனால் வலிப்பு வரும் என்று மெக்கானிக் கயிற்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். ஒருவர் இறங்க, மற்றவர் கரையில் கயிறு பிடிக்க வேண்டும். ஒரு இழுப்பு என்றால் நலம். மூன்று இழுப்பு என்றால் தூக்கு.

பெட்டியோடு வந்த பொடி தீர்ந்துபோனது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். புதிதாகத் தண்ணீர் ஊற்றி நீற்றிய சுண்ணாம்பு இருந்தால் அதைக் காயவைத்து, சலித்து, குருணை மட்டும் எடுத்துப் போடலாம் என்றார். “கப்பூர் லாமா தா போலே,” என்று விரலை ஆட்டினார். பழைய சுண்ணாம்பு ஆகாது என்று அர்த்தம்.

தோட்டத்தில் புதுச் சுண்ணாம்பு ஒரே இடத்தில்தான் இருந்தது. மாரியம்மன் கோயிலில் வெள்ளையடிக்கச் சண்டைக்கு முன்பே வாங்கி, மூடி ஒட்டி வைத்த கற்சுண்ணாம்பு டின். கோயில் சாவி என்னிடம். என் மகளுக்குக் காய்ச்சல் வந்து கண் சொருகிக் கிடந்தபோது, அவள் பிழைத்தால் அந்த வருடத் திருவிழாவுக்கு என் கையாலேயே வெள்ளையடிக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். பிழைத்துவிட்டாள். அந்த டின்னிலிருந்துதான் இரண்டு தடவை எடுத்து நீற்றிக் கொடுத்தேன். கருவி நன்றாக வேலை செய்தது.

மூன்றாவது தடவை டின்னைத் திறந்து பார்த்தேன். கோயிலுக்குக் காணுமளவுதான் மீதி. என் கை போகவில்லை. லயத்துக் கடைசியில், சுவரில் அடிக்க நீற்றி வைத்த சுண்ணாம்பு ஒரு வருடத்துக்கு மேலாக வாய் திறந்த பானையில் கட்டியாகக் கிடந்தது. அதைத் தட்டி, பொடித்து, சலித்தேன். புதுச் சுண்ணாம்பு கையை எரிக்கும். இது எரிக்கவில்லை. பார்க்கவும் அதிகம் வெள்ளை. எரிக்காதது வாய்க்கும் நல்லதுதானே, சீனன் சும்மா கெடுபிடி பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நான் வெற்றிலை போடாதவன். போடுகிறவனாக இருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு மெக்கானிக் புட்டி நிரப்ப டவுனுக்குப் போயிருந்தார். மச்சானின் முறை. கருவியை மாட்டிவிட்டேன். கட்டையைக் கடித்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

“என்ன மாப்ளே, இன்னைக்கு வாய் எரியல? ஆத்தா கோவம் தணிஞ்சிட்டாளா?”

“பேசாம எறங்குங்க மச்சான். மேட்டுல ஜப்பான்காரன் பாக்கறான்.”

“பாக்கட்டும். எனக்கு வாற அரிசியில அவனுக்கும் ஒரு கொழுக்கட்டை புடிச்சு வைப்போம்.”

கட்டையைக் கடித்துக்கொண்டு இறங்கினார்.

கரையில் நேரம் பார்க்க எனக்குக் கடிகாரம் கிடையாது. அம்மன் நூற்றெட்டுப் போற்றியைச் சொல்வேன். வழக்கமாக ஐந்து சுற்று முடியும்போது மேலே வருவார். அன்று இரண்டாம் சுற்றிலேயே கயிறு நடுங்கியது. ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு கன்றுக்குட்டி இழுப்பதுபோல் தாறுமாறாக இழுபட்டது. மூன்று இழுப்பு வரவேயில்லை. நானே இழுத்தேன். சிவப்புத் துணி தண்ணீருக்கு மேலேதான் நின்றது. ஆழத்துக்குப் போகவில்லை. பிறகு ஏன் இப்படி?

மேலே வந்தபோது முகம் கறுத்துச் சிவந்திருந்தது. துரத்தப்பட்ட நாய்போல் மூச்சிரைத்தார். வாயில் இருந்த கட்டையை விடாமல் கடித்துக்கொண்டு என்னையே அடிக்க வந்தார். பிடுங்கி எடுத்ததும் வாந்தி. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். மண்டை பிளக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஜப்பான் அதிகாரி மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சை மொழிபெயர்க்க, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாரை அழைத்துவர ஆள் போனது.

கொஞ்சம் தெளிந்ததும் மச்சான் கரையில் அவிழ்த்து வைத்திருந்த வெற்றிலைப் பையைத் தேடினார். வெற்றிலையும் பாக்கும் வாயில் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாகத் தகரப் பெட்டியின் மூடியைத் திருகி, நனையாத ஓரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து மென்றார். வெகுநேரம் மென்றார். பிறகு உள்ளங்கையில் துப்பினார். பச்சையாகவே இருந்தது.

“செவக்கல மாப்ளே,” என்றார்.

உயிர் போன சுண்ணாம்பு வெற்றிலையைச் சிவக்கவைக்காது, மூச்சின் விஷத்தையும் கழிக்காது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மச்சான் பெட்டியை மூடி, குட்டைத் தண்ணீரில் கையைக் கழுவினார்.

கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். சைக்கிளை மிதித்து வேர்த்து வந்தார். அதிகாரி சொன்னதைக் கேட்டுக்கொண்டு எங்களிடம் திரும்பினார்.

“என்ன நடந்ததெண்டு கேக்கிறார். கருவியில பிழையோ, ஆளில பிழையோ?”

நான் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

“ஆளுலதான் கிராணியாரே,” என்றார் மச்சான். “உள்ள பயந்துட்டேன்.”

கிராணியார் குரலைத் தாழ்த்தினார். “யோசிச்சுச் சொல்லும். பயந்த ஆளை இவங்கள் இஞ்ச வைச்சிருக்க மாட்டாங்கள். அடுத்த லிஸ்டில பேர் போகும். கருவியெண்டால் அப்பிடிச் சொல்லும்.”

“பயந்துட்டேன்னு எழுதுங்க.”

அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் அவரிடம் கேட்டேன். “ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க?”

“கருவின்னா பொட்டியத் தொறப்பான். யாரு நெரப்புனதுன்னு கேப்பான். வெட்டிப் போட்டுருவான் உன்னைய. என் தங்கச்சியையும் புள்ளையையும் யாரு பாக்கறது? எனக்கு யாரு இருக்கா.” முகத்தைக் கழுவிக்கொண்டு, “அதை ஏன்யா போட்ட?” என்று கேட்டார்.

வேண்டுதலைச் சொன்னேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. நான் அன்னைக்கு எறங்கியிருக்க மாட்டேன். ஒடம்பு சரியில்லன்னு படுத்திருப்பேன்.” எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “சரி, வெள்ளைய அடிச்சிரு. பாதியில விட்டுறாத.”

மறுநாள் நான் ஆபீசுக்குப் போனேன். கிராணியாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். கதவுவரை போனேன். உள்ளே டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. மழை வரும்போலிருக்கிறது, விறகு வெளியே கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். மழை வரவில்லை.

நான்காம் நாள் லோரி வந்தது. மச்சான் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினார். என் மனைவி லோரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினாள். யாரோ ஒருவன், “தண்ணிக்குப் பயந்து தண்டவாளத்துக்குப் போறான்லா,” என்று சிரித்தான். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே கோயிலுக்கு வெள்ளையடித்தேன். புதுச் சுண்ணாம்பு விரல் இடுக்கெல்லாம் அரித்துப் புண்ணாக்கியது. சுவர் பளிச்சென்று இருந்தது. எல்லோரும் புண்ணியவான் என்றார்கள். மெக்கானிக் திரும்பி வந்தபோது போடப் பொடி இல்லை. கொஞ்ச நாளில் அந்தப் பட்டாளம் வேறு ஊருக்குப் போய்விட்டது. பெரிய பம்பு அடியிலேயே கிடந்தது. என்னைப் பேக்டரிக்கே திருப்பி அனுப்பினார்கள். லிஸ்டில் என் பெயர் கடைசிவரை வரவில்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். எலும்பும் தோலுமாக வந்த ஒருவர், ஒரு கேம்ப்பில் மச்சானைப் பார்த்ததாகவும், அப்போதே எழுந்து நடக்க முடியாமல் கிடந்ததாகவும் சொன்னார். அதற்கு மேல் செய்தி இல்லை. என் மனைவி சாகும்வரை ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். “ஆத்துல பொறந்தவரு மாதிரி இருந்தாரே எங்கண்ணன். அவரா தண்ணிக்குப் பயந்தாரு?” ஒவ்வொரு தடவையும் நான் விபூதிக் கிண்ணத்தை எடுப்பதுபோல் திரும்பிக்கொள்வேன். அம்மனிடம் சொல்லி அழுதிருக்கிறேன். மனைவியிடம் சொல்லவில்லை.

என் பிள்ளைகளுக்கும், அந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அவர் பயப்படவில்லை. செத்த சுண்ணாம்பைப் போட்டவன் நான். கதவுவரை போய்த் திரும்பியவனும் நான். பெரியவர் பாவம், தெரியாமல் செய்தார் என்று என் மேல் இரக்கப்பட்டு யாரும் இதில் ஒரு வரியைக் குறைக்க வேண்டாம். மச்சானைப் பெரிய வீரராக்க ஒரு வரியைச் சேர்க்கவும் வேண்டாம். எப்படி எழுதியிருக்கிறேனோ அப்படியே அடுத்தவர் கையில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போதும் இப்படியே வாசியுங்கள்.