கொண்டைக்கு இடம் விட்ட குல்லா

குளிர் தொடங்கிவிட்டால் சலூன்காரருக்குத் தொழில் படுத்துவிடும். காதை மூடக் கொஞ்சம் தலைமுடியாவது இருக்கட்டும் என்று ஆண்கள் எல்லாரும் தலையைக் காடாக வளர்த்துக்கொண்டு திரிவார்கள். அவரும் எத்தனை தடவைதான் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போடுவார்? ஒரு கட்டத்தில் வாடிக்கையாளர் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு தூங்கிவிடுவார்.

அப்படி ஒரு மத்தியானம் அவர் வாயைத் திறந்து குறட்டை விட்டதை அவருடைய மனைவி பார்த்துவிட்டாள். நாலு கடை தள்ளியிருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கண்ணாடிச் சட்டத்தின் பொடித் திருகாணியைக்கூட ஒரே தடவையில் மாட்டிவிடுகிற கை அவளுக்கு. பின்னலிலும் அப்படித்தான்: இழை மாதிரி நூல், முள் மாதிரி ஊசி. குளிருக்கு முன்பு ஒரு ஸ்வெட்டரைத் தொடங்கினால் வெயில் வந்த பிறகு முடிப்பாள். ஆனால் அதில் ஒரு கண்ணி பிசகியிருக்காது. கையில் ஏதாவது இருந்தால் தூக்கம் வராது என்று சொல்லி, தன் பையிலிருந்த ஊசியையும் நூலையும் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

சலூன்காரருக்கு அது ஒத்துவரவில்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிய வேண்டும், கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டி "சரியா இருக்கா?" என்று கேட்டுவிட வேண்டும், அவர் பழகிய தொழில் அது. ஒரு வாரம் பின்னியும் விரலகலம் தேறவில்லை என்றால் அவருக்குப் பைத்தியம் பிடிக்காதா? நூல் கடைக்கே போய்ப் பார்த்தார். மூலையில் ஒரு கூடையில், யாரும் சீண்டாத தடி நூல் கிடந்தது. விரல் தடிமன். அதற்கேற்ற ஊசியோ மார்க்கர் பேனா அளவு. வாங்கிவந்து உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கிய குல்லா, விளக்கு போடுகிற நேரத்துக்கு முடிந்துவிட்டது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவருக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. அவர் செய்த வேலை ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது. என்னதான் அழகாக வெட்டினாலும் வளர்ந்துவிடும். மிச்சம் தரையில் கிடக்கும், பெருக்கித் தள்ள வேண்டியதுதான். குல்லா அப்படியில்லை. செய்தது செய்தபடியே இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதல் குல்லா பக்கத்துக் கடைச் சாவிக்காரருக்குப் போனது. கதவில்லாத கடையில் உட்கார்ந்து காது விறைத்துப்போகிறவர் அவர். போட்டவர் கழற்றவே இல்லை. முடி வெட்டிக்கொள்ளவும் வரவில்லை. ஓசியில் குல்லா கொடுத்து ஒரு வாடிக்கையைத் தொலைத்த ஆள் ஊரிலேயே இவர் ஒருவர்தான். ஆனாலும் மனிதர் அடங்கவில்லை. முடி வெட்டும்போதே கையை விரித்துத் தலையைச் சாண் போட்டு அளந்துவிடுவார். அடுத்த முறை வரும்போது குல்லாவோ, கழுத்துப் பட்டையோ தயாராக இருக்கும். அளவு தப்பியதே இல்லை.

தெருவில் பாதிப் பேர் காது சூடாக நடமாடினார்கள். கட்டிய மனைவி மட்டும் ஒரு மெல்லிய துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, காது மடல் சிவந்துபோய் வேலைக்கு வருவாள். தடி நூலைக் கண்டாலே அவளுக்குச் சிரிப்பு.

"இது பின்னலா, மீன் வலையா? கண்ணிக்குள்ள கோழியே புகுந்து போயிடும்."

சலூன்காரரும் கூடவே சிரித்துவைப்பார். ஆனால் அவருக்கு வலித்தது. அவள் பின்னிய ஸ்வெட்டர்களை வருஷக் கணக்கில் போட்டுத் திரிகிற உடம்பு அவருடையது. தன் கையால் செய்த ஒன்றை அவளும் ஒரு நாள் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் போதும் என்று ஏங்கினார். வேறு பெரிய ஆசை எதுவும் அவருக்கு அந்தக் குளிர்காலத்தில் இல்லை.

அவளுக்குத் தெரியாமல் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று பின்னினார். அவள் போட்டுப் பார்த்தாள். குல்லா கொண்டையில் முட்டிக்கொண்டு காதுவரை இறங்கவே இல்லை. சரி, பெரிதாகப் பின்னுவோம் என்று அடுத்ததைப் பின்னினார். அது கொண்டையைத் தாண்டியது, நெற்றியைத் தாண்டியது, மூக்கில் வந்து நின்றது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்குக் கண்ணை மறைக்கிற குல்லாவா என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"விடுங்க. எனக்குக் குல்லா சரிப்படாது. இதுக்குப் போய் மெனக்கெடாதீங்க."

அந்த ஆறுதல்தான் அவரை இன்னும் சுட்டது. மறுநாள் ஒரு வாடிக்கையாளரின் தலையைச் சாண் போடும்போது அவருக்குச் சுரீரென்று உறைத்தது. தான் இதுவரை அளந்ததெல்லாம் வெட்டி முடித்த தலைகள். கொண்டை போட்ட தலைக்கு அவருக்குக் கணக்கே தெரியாது. அதைவிட, ஊரார் தலையெல்லாம் தொட்ட கை மனைவியின் தலையை ஒரு நாளும் அளந்ததில்லை. கல்யாணமான புதிதில் முடியின் நுனியை வெட்டிவிடட்டுமா என்று ஆசையாகக் கேட்டிருந்தார். கத்தரிக்கோலோடு தன் பக்கமே வரக் கூடாது என்று அவள் அலறியதோடு சரி, அந்தப் பேச்சே எழவில்லை.

சாயங்காலம் அவள் கடைக்கு வந்தபோது நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவள் இரண்டடி பின்னால் போனாள். அவர் கத்தரிக்கோல்களை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அளவு மட்டும்தான். சத்தியமா."

சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தார். முடி நாற்காலிக்குப் பின்னால் சரிந்து விழுந்தது. உள்ளே இவ்வளவு நரை ஓடியிருந்தது அவருக்குத் தெரியாது. எண்ண வேண்டாம் என்று அவள் கண்ணாடியைப் பார்த்தே மிரட்டினாள். அளவெடுக்கச் சிக்கெடுக்க வேண்டும் என்று சொல்லி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மெல்ல மெல்ல வாரினார். அவள் தோள் இறங்கியது, கண் செருகியது. சாவிக்காரர் ஏதோ கேட்க எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

வாரி முடித்து, கொண்டையைப் போட்டு, கொண்டையைச் சுற்றியும் காதுக்கு மேலும் சாண் போட்டுக்கொண்டார். அவள் அரைத்தூக்கத்தில் இருக்கும்போதே பின்னத் தொடங்கினார். கடையைச் சாத்துகிற நேரத்தில் குல்லா உச்சிவரை வந்துவிட்டது. வழக்கமாகக் கடைசி வரிசைக்குள் நூலைக் கோத்து இழுத்து உச்சியை மூடிவிடுவார். இந்த முறை மூடவில்லை. தளர்வாக முடிச்சிட்டு ஒரு வாய் விட்டார். அவள் போட்டதும் கொண்டை அதன் வழியே ஜம்மென்று வெளியே வந்து உட்கார்ந்தது. காது இரண்டும் உள்ளே.

அவள் கண்ணாடியில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கடைக் கண்ணுக்கு எதுதான் தப்பும்?

"இந்த இடத்துல ஒரு கண்ணி விட்டிருக்கீங்க."

பிரித்துப் பின்னுகிறேன் என்று அவர் கையை நீட்டினார். அவள் குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். சலூன்காரர் கடையைப் பூட்ட மறந்து பின்னாலேயே போனார்.

அந்தக் குல்லாவைத்தான் தினமும் போட்டாள். அதற்காகத் தடி நூலைக் கிண்டல் செய்வதை அவள் விட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

சில வாரம் கழித்து, கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் வந்தாள். கூப்பிடாமலே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தாள். இன்னொன்று வேண்டும், அளவு எடுங்கள் என்றாள். அளவு அவர் கையிலேயே இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. போன தடவை போலவே இழுப்பறையைப் பூட்டி, சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"திறங்க அதை. நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. பாத்து வெட்டிவிடுங்க."

அவர் இழுப்பறையைத் திறந்து, இருப்பதிலேயே நல்ல கத்தரிக்கோலை எடுத்து, அதற்கு இன்னொரு தடவை எண்ணெய் போட்டார்.