அசலுடன் ஒப்பு நோக்கியது

"உணவுக்குப் பின் கமா காலை ஒன்று கமா இரவு ஒன்று முற்றுப்புள்ளி" என்று மருந்து அட்டையை வாசித்துவிட்டுத்தான் கமா அக்கா மாத்திரையை விழுங்குவார். மின்கட்டண ரசீது, பால் பாக்கெட், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் அழைப்பு, பேருந்தின் முதுகில் எழுதியிருக்கும் வாசகம், எதுவானாலும் அப்படித்தான். அடைப்புக்குறி வந்தால் "அடைப்பு" என்று தொடங்கி, முடியும் இடத்தில் "அடைப்பு முடிஞ்சுது" என்பார். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. தபால்காரர் ஒருமுறை உறையின் மேல் "கமா அக்கா வீடு" என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார். அக்கா அதையும் வாசித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு அப்புறம் புள்ளி வைக்கலையே" என்றார்.

இது முப்பத்தோராண்டு வேலை கொடுத்த வியாதி. ஆவண அலுவலகத்தில் அவர் ஒப்பு நோக்குபவராக இருந்தார். ஒருவர் அசலை எழுத்தும் புள்ளியும் விடாமல் உரக்கப் படிப்பார். எதிரே இருப்பவர் நகலில் அடிக்கோலை வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வருவார். முடிந்ததும் அடியில் "அசலுடன் ஒப்பு நோக்கியது" என்று எழுதிக் கையெழுத்து. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண், பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதியதை வாழ்நாள் முழுக்கச் சரிபார்த்தார். ஓய்வு பெற்ற பிறகும் வக்கீல் ஒருவர் விடவில்லை. பூச்சி அரித்த, கைப்பட எழுதிய பழைய பத்திரங்களைக் கட்டாக அனுப்புவார். அக்கா வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்து, மகளைப் படிக்கச் சொல்லி ஒப்பு நோக்கி, அதே வரியை எழுதித் தருவார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எதிர்த்தரப்பு வக்கீலே மறுமுறை படிப்பதில்லை என்று பேச்சு.

குடும்பத்தில் முதல் பட்டதாரி அந்த மகள்தான். பட்டமளிப்பு விழா முடிந்து வெளியே ஓடிவந்து சான்றிதழை நீட்டியபோது, மற்ற அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கமா அக்கா கைப்பையிலிருந்து பள்ளிச் சான்றிதழை எடுத்து, மரத்தடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லாம் பார்த்தார். பார்த்து முடித்து, "சரியா இருக்கு" என்ற பிறகுதான் அழுதார்.

வேலைக்குப் போய் மகள் வாங்கிக் கொடுத்த முதல் பொருள் அந்தக் கணினி. பழையது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள குறுகிய இடத்தில், துணி அலமாரியை ஓரடி தள்ளி, மேசை போட்டார்கள். கடைக்காரர் பொருத்தும்போது, "அசல் மென்பொருள் வேணுமா, இல்ல சும்மா போட்டுத் தரவா?" என்று கேட்டார். எல்லாரும் போடுவதைத்தானே போடப்போகிறார் என்று மகளும், "சும்மாவே போடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "இதுக்குள்ள இருக்கிறதெல்லாம் அசல்தானா?"

"அசல்தாம்மா."

அதற்குப் பின் இரண்டு வருடம் அந்தப் பதிலை மகள் நினைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. சில நாள் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது நினைப்பாள். கையில் பணம் இல்லாததால் சொன்ன பொய்யா, அம்மாவுக்கு இதில் என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பில் சொன்ன பொய்யா? முதலாவதாக இருக்கக் கூடாதா என்று ஆசைப்படுவாள். இரண்டாவதுதான் என்று உள்ளுக்குள் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பத்திரத்தில் வந்த ஒரு பழைய சொல்லுக்குப் பொருள் தேடி அக்கா இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறார். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. கூடவே ஆம்புலன்ஸ் போல ஒரு ஊளை. மகள் ஈரத் துணியோடு ஓடிவந்தபோது, அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஊளையையும் மீறி வாசித்துக்கொண்டிருந்தார்.

"எச்சரிகை ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி. க் எங்க போச்சு? உங்கள் கணினியில் உள்ள மென்பொருள் போலியானது முற்றுப்புள்ளி. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கீழே உள்ள எண்ணை அழைக்காவிட்டால் கமா சட்ட நடவடிகை எடுத்துக் கணினி பரிமுதல் செய்யப்படும்." இங்கே நிறுத்தி மகளைத் திரும்பிப் பார்த்தார். "சின்ன ர போட்டிருக்கான். பரின்னா குதிரை. குதிரையை முதல் போட்டு நம்ம கம்ப்யூட்டரை எடுக்கப் போறானா?"

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்ட ஏமாற்று வேலைகளைப் பற்றி அலுவலகத்தில் நாலு பேருக்கு அவளே வகுப்பெடுத்திருக்கிறாள். வேறு யார் வீட்டுத் திரையாக இருந்தாலும் ஒரே நொடியில் சொல்லியிருப்பாள். ஆனால் 'போலியானது' என்ற சொல்லில் அவள் கண் நின்றுவிட்டது. உண்மையைத்தானே சொல்கிறது! எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

"இவ்வளவு பிழை இருக்கேம்மா..." என்று மட்டும் இழுத்தாள்.

"பிழை இருந்தா தாள் பொய்யாகிடுமா? எங்க ஆபீஸுக்கு வந்த உத்தரவுல 'பணி நீக்கம்'னு போடுற இடத்துல 'பனி நீக்கம்'னு ரெண்டு சுழி ன போட்டு வந்துது. அதுக்காக அந்தாளுக்கு வேலை திரும்பக் கிடைச்சுதா?" அக்காவின் விரல் அதற்குள் தொலைபேசியில் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அழுத்த ஆரம்பித்துவிட்டது. பாதியில் ஒரு எண்ணைத் தப்பாக அழுத்தி, அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

எடுத்தவர் குரல் தேன் தடவியது போல இருந்தது. "வணக்கம் மேடம். முதல்ல பதட்டப்படாதீங்க."

"பதட்டமெல்லாம் இல்ல. பேனா எடுத்துக்கிறேன், இருங்க."

"பேனா வேணாம் மேடம். கம்ப்யூட்டர் முன்னால உக்காருங்க. நான் சொல்ற எழுத்த அழுத்துங்க. மிச்சத்த நானே உள்ள வந்து பாத்துக்கிறேன்."

"உள்ள வர்றது அப்புறம் இருக்கட்டும். உங்க தாளோட நகல் என் முன்னால இருக்கு. அசல் உங்ககிட்டதானே இருக்கும்? குறிப்பு எண்ணிலிருந்து வாசிங்க. நான் ஒத்துப் பாக்கிறேன்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. "ஏழு ஏழு மூணு ஒண்ணு."

"எங்கிட்ட ஏழு ஏழு ஒண்ணு மூணு. எது அசல்?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த பயம் அப்படியே வடிந்து, வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் அந்த முகத்துக்குத்தான் நடுங்குவார்களாம்.

"தம்பி, ரெண்டும் ஒண்ணுதான்னு என் எதிர்ல உக்காந்து யாரும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு அவங்க அங்க இருந்திருக்க மாட்டாங்க."

தேன் சட்டென்று தீர்ந்துபோயிற்று. "இப்பச் சொன்னபடி செய்யலேன்னா வீட்டுக்குப் போலீஸ் வரும்!"

"வரட்டும். கொண்டு வர்ற தாள்ல 'பறிமுதல்'னு பெரிய ற போட்டுக் கொண்டு வரச் சொல்லுங்க."

தொலைபேசியை வைத்துவிட்டு, சுவரில் இருந்த மின்இணைப்பைப் பிடுங்கினார். ஊளை நின்றது. வீடே காது திறந்துகொண்டது போல் ஆயிற்று. அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "திருட்டுப் பய. எனக்குத்தான் புத்தி இல்ல. அசல்னு நீ சொன்ன பிறகும் இவனை ஒரு நிமிஷம் நம்பிட்டேனே!"

வாயை மூடிக்கொண்டு துணி உலர்த்தப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மகளும் அப்படித்தான் இரண்டடி எடுத்து வைத்தாள்.

"அம்மா, அவன் போலிதான். ஆனா இதுவும் அசல் இல்ல."

"எது?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறது. வாங்கின நாள்லருந்தே."

"தெரிஞ்சா, தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

அக்கா மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் அன்று நாலு மணிக்குப் போக வேண்டிய கட்டு இருந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டு வழக்கு; திங்கட்கிழமை விசாரணை. எல்லாப் பக்கத்திலும் அடியில் அவருடைய வரியும் கையெழுத்தும். அவர் அதைத் தன்னை விட்டுத் தள்ளி வைத்தார். பிறகு மெல்லிய குரலில் ஒரு பழைய கதையைச் சொன்னார். அலுவலக முத்திரையைத் தொலைத்துவிட்ட எழுத்தர் ஒருவர், பயத்தில் வெளிக் கடையில் அதே மாதிரி ஒன்று செய்து வாங்கி மூன்று மாதம் ஓட்டிவிட்டார். எழுத்தில் ஒரு பிழை இல்லை. ஆனாலும் அந்த முத்திரை பட்ட தாள்கள் அத்தனையையும் திரும்ப வரவழைத்தார்கள்.

சொல்லிவிட்டு வெள்ளைத்தாளை எடுத்தார். "ஐயா கமா கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் அனுப்பிய நகல்கள்..." என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"அதை அனுப்பாதம்மா. இனிமே வேலையே வராது."

"வராதுதான்."

"தப்பு பண்ணினது நான்."

"கையெழுத்து என்னோடது."

மகள் சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள்: "திரும்ப வந்த தாளையெல்லாம் என்ன பண்ணீங்க?"

பேனா நின்றது. "மறுபடி ஒப்பு நோக்கினோம்."

"அப்ப வா. மணி பன்னெண்டுதான் ஆகுது."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அடிக்கோலை எடுத்தார்.

கணினி அணைந்தே கிடந்தது. மகள் பூச்சி அரித்த அசலைப் பிடித்துக்கொண்டு படிக்க, அக்கா நகலில் கோலை வரிவரியாக நகர்த்தினார். பாதியில் மகளுக்குத் தொண்டை கட்டவே, அசலை வாங்கி அவரே படித்தார்; கோல் மகள் கைக்குப் போயிற்று. சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. இருபத்திரண்டாம் பக்கத்தில் "கிழக்கே பொதுச்சுவர்" என்பதை மூன்று முறை திரும்பப் படித்தார். அசலிலும் நகலிலும் அதேதான். முப்பத்தெட்டாம் பக்கம் முடிந்தபோது மணி மூன்றரை. ஒரு பிழை இல்லை. பக்கத்துக்குப் பக்கம் முதல் கையெழுத்தின் கீழே இரண்டாவது கையெழுத்து வந்திருந்தது.

நாலு மணிக்கு வக்கீலின் குமாஸ்தா வந்தார். அக்கா கட்டையும் கடிதத்தையும் சேர்த்தே நீட்டினார். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கடிதத்தைப் படித்தார். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அக்கா, எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் திரையோட மூலையில 'இது அசல் அல்ல'ன்னு ஒரு வரி ரெண்டு வருஷமா நிக்குது. ஐயா கண்ணுல படாம இருக்க நான் அதுமேல ஒரு குட்டிக் காலண்டரை ஒட்டி வச்சிருக்கேன். இந்தக் கடிதத்த அவர் படிச்சா முதல்ல என் காலண்டரைத்தானே கிழிப்பார்!"

"கிழிக்கட்டும். கடிதத்தையும் எடுத்துட்டுப் போங்க."

"ரெண்டு தடவை ஒப்பு நோக்கினீங்களா?"

"ரெண்டு தடவை."

"அப்ப எனக்குப் போதும். மிச்சத்த அவர் சொல்லட்டும்." கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அவர் சொன்னது புதன்கிழமை வந்தது. புதிய கட்டு ஒன்று; அதன் மேல் அக்காவின் கடிதமே திரும்பி வந்திருந்தது. கீழே வக்கீலின் கிறுக்கல். அக்கா வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். "படித்தேன் முற்றுப்புள்ளி. தாளை நம்பித்தான் வாங்கினேன் கமா இயந்திரத்தை நம்பி அல்ல முற்றுப்புள்ளி. இனி அசலையே போட்டுக்கொள்ளவும் முற்றுப்புள்ளி. அடுத்த கட்டு இணைப்பு." வாசித்து முடித்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வயிற்றின் அடியிலிருந்து ஒரு மூச்சு விட்டார். நாலு நாள் அடக்கி வைத்திருந்த மூச்சு. மகளும் கூடவே விட்டாள்.

மறுநாளே இருவரும் கடைக்குப் போனார்கள். "போட்ட போலியை எடுங்கன்னு யாரும் இதுவரைக்கும் வந்ததே இல்லம்மா" என்றார் கடைக்காரர். அசலைப் போட்டு முடித்ததும், அட்டையில் அச்சிட்டிருந்த இருபத்தைந்து எழுத்து உரிம எண்ணை அவர் படிக்க, திரையில் உள்ளதை அக்கா கோல் வைத்துப் பார்த்தார். பின்னால் ஐந்து பேர் வரிசையில் காத்து நின்றார்கள்.

திரும்பி வரும் வழியில் அக்கா சொன்னார்: "என்கிட்ட பொய் சொன்னதுக்கு உனக்கு ஒரு திட்டு பாக்கி இருக்கு. சின்னத் திட்டு இல்ல. உக்காந்து நிதானமா திட்டணும்."

ஐந்து மாதமாகிறது. கட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தத் திட்டு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அது வராதவரை கணக்குத் தீராது என்று மகளுக்குத் தோன்றுகிறது, சில சனிக்கிழமைகளில் அவளே, "எப்பம்மா திட்டப்போற?" என்று கேட்டும் விடுகிறாள். கமா அக்கா கண்ணாடியைக் கழற்றி, ஊதி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் பொறுமையாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, படிக்கச் சொல்லி அன்றைய கட்டின் அசலை அவள் பக்கமாக நகர்த்தி வைக்கிறார்.