நாலு ஷிப்டில் பத்து கஜம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். லகரமா ளகரமா என்று சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் மனதுக்குப் பட்டதைப் போட்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அச்சுக்குப் போகும் முன் யாராவது திருத்திவிட்டால் நன்றாக இருக்கும்.

சபை ஆண்டு மலருக்குச் சிறுவயது நினைவு ஒன்று எழுதித் தரும்படி போதகர் கேட்டார். மற்றவர்கள் சாட்சி எழுதுவார்கள், பழைய கன்வென்ஷன் கூட்டங்களைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு விவரமாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று: அமெரிக்கக் கால்பந்து. கால்பந்து என்று பெயர்தான், பந்தைக் கையில்தான் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். பந்தும் உருண்டை இல்லை, நுங்கைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை காலை பெங்களூர் ரயிலில் எல்லோரும் தூங்கி வழியும்போது நான் போனில் இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு வாரமும் யார் ஜெயிப்பார்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே மனதுக்குள் சொல்லிவைப்பேன். வெளியே சொல்லக் கூச்சம். பாதி தப்பும். ஆனால் எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு காலம் இருந்தது. அப்போது நான் சொன்னது தப்பியதே இல்லை!

அப்போது நாங்கள் ஸ்கெலட்டன் லைன் வீட்டில் இருந்தோம், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள் அவை. அப்பா சுரங்கத்துக்குள் மேல்பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தார். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். அத்தையின் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரராகப் போய், அமெரிக்காவில் ஒரு துறைமுக ஊரில் இறங்கி, அங்கேயே ஹோட்டல் வேலையில் சேர்ந்துகொண்டவர். காகிதங்கள் சரியானதும் அத்தையை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. ஒருமுறை லீவில் வந்தபோது ஒரு வீடியோ டெக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அப்புறம் அங்கிருந்து டேப்புகள் அனுப்பினார். எல்லாம் இந்தக் கால்பந்து. “இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான். நீயும் கற்றுக்கொள். வந்த பிறகு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்” என்று எழுதியிருந்தாராம்.

அத்தை கற்றுக்கொண்டார். அப்படிக் கற்றுக்கொண்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஞாயிறு மதியம் லைன் முழுக்க எங்கள் வீட்டில் இருக்கும். அமெரிக்க டேப் எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் ஒழுங்காக நிற்காது. படம் மேலே மேலே ஓடிக்கொண்டே இருக்கும். டிவியின் பின்னால் இருக்கிற குமிழை யாராவது பிடித்துக்கொண்டு, ஓடும்போதெல்லாம் கொஞ்சம் திருகிவிட வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. ஒரு கை குமிழில், கழுத்து படத்தின் பக்கம் திரும்பியபடி நிற்பேன். படத்தையும் பார்ப்பேன், பார்க்கிற கூட்டத்தையும் பார்ப்பேன்.

ஆட்டத்தின் சட்டம் முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எதிர் வீட்டு அண்ணன் ஒருவர். சுரங்கத்தில் ஆட்களை இறக்குகிற கேஜுக்கு மணி அடிக்கிறவர். அதனால் கேஜ் அண்ணன் என்றுதான் அவருக்குப் பெயர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இன்னாக்கா கூத்து இது? ஒர்த்தன் மேல ஒர்த்தன் வுழறானுங்க, எந்திரிக்கிறானுங்க, மறுபடியும் வுழறானுங்க. இன்னா சட்டம்?”

அத்தை சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். “நாலு ஷிப்டுல பத்து கஜம் தோண்டணும்பா. தோண்டிட்டா இன்னும் நாலு ஷிப்டு குடுப்பான். தோண்டலேன்னா சொரங்கத்த எதிராளி கையில குடுத்துட்டுப் போணும்.”

“அட, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா!”

அவ்வளவுதான். லைனில் எல்லோருக்கும் ஆட்டம் தெரிந்துவிட்டது. அப்பா அதிகம் பேசாதவர், அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. “எறியறவனப் பாக்காதீங்க. முன்னாடி நிக்கிறானுங்களே அஞ்சு பேரு, அவனுங்கதான் முட்டு. முட்டு சரிஞ்சா எல்லாம் சரிஞ்சுடும்” என்றார்.

டீம்களின் பெயர் எங்களுக்கு எதற்கு? ஹெல்மெட்டில் வரைந்திருப்பதை வைத்து அத்தையே பெயர் வைத்தார். கொம்புக்காரர்கள், இறக்கைக்காரர்கள், குதிரைக்காரர்கள். கொம்புக்காரர்கள் மாமாவின் டீம். அதனால் அத்தையின் டீமும் அதுதான்.

டேப்பைப் போடும் முன் அத்தை பேசுவார். போன வாரம் யார் ஏன் தோற்றார்கள், இந்த வாரம் யார் ஜெயிப்பார்கள், என்ன காரணம், எல்லாம் வரும். போதகர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்தப் பேச்சை யாரும் தூங்காமல் கேட்டார்கள். அது முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் கணிப்பைச் சொல்ல வேண்டும். வாயால் இல்லை. ஒரு டீமுக்குச் சுவர்ப் பக்கம், இன்னொன்றுக்கு ஜன்னல் பக்கம். யார் ஜெயிப்பார்கள் என்று நினைக்கிறோமோ அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும். நான் குமிழை விட்டு நகர முடியாதே, அதனால் என் பள்ளிக்கூடப் பையை ஒரு பக்கம் வைத்துவிடுவேன். பிறகு கேஜ் அண்ணன் டம்ளரில் கரண்டியால் டங் டங்கென்று தட்டுவார். கேஜ் கதவு மூடியாயிற்று என்று அர்த்தம். அதற்குமேல் ஒருவரும் பக்கம் மாற முடியாது. ஜெயித்த பக்கத்துக்குத்தான் முதலில் சுண்டல். தோற்ற பக்கத்துக்கு அடியில் ஒட்டியது.

கேஜ் அண்ணன் ஒருநாளும் கொம்புக்காரர்கள் பக்கம் உட்கார்ந்ததில்லை. அத்தையைச் சீண்டுவதற்காகவே எதிர்ப் பக்கம் போய்ச் சப்பணம் போடுவார்.

“உன் கொம்புக்காரனுங்க பத்து கஜம் இன்னா, பக்கத்து வூட்டுக்குக் கூடப் போயி சேர மாட்டானுங்கக்கா.”

“நீ மொதல்ல மணிய ஒழுங்கா அடி. மேல வர வேண்டியவன கீழ எறக்கிடப் போற.”

வீடு அதிரும். நாங்கள் பார்க்கிற ஆட்டமெல்லாம் அமெரிக்காவில் எப்போதோ முடிந்துபோனது என்பது யாருக்கும் நினைவுக்கே வராது. எங்களுக்கு அது அன்று மதியம்தான் நடந்தது.

டேப்புகள் மொத்தமாகப் பார்சலில் வரும். பார்சல் வந்திருக்கிறது என்று சீட்டு வந்தால், கேஜ் அண்ணன் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைத் தபாலாபீசுக்குப் போய், கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். நாங்கள் பொடியன்கள் அவர் பின்னால் தெரு முழுக்க ஓடிவருவோம். அத்தை அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வாரத்துக்கு ஒன்றாக வெளியே எடுப்பார்.

அந்த வருடம் மழை தொடங்கியதிலிருந்து பார்சல் வரவில்லை. கடிதமும் வரவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பெட்டியில்தான் டேப் இருக்கிறதே! ஆனால் வீட்டில் சத்தம் குறைந்திருந்தது. அம்மாவும் அத்தையும் அடுப்படியில் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் நிறுத்திவிடுவார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் அத்தையைப் பார்த்து, “இன்னாக்கா, இன்னும் பார்சல் வரலியா? அமெரிக்காவுல மறந்துட்டாங்களா?” என்று கேட்டாள். அத்தை நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அத்தை கேட்டவர்களிடம் எல்லாம் சத்தமாகச் சொன்னார்: “வந்துடுங்க, புது டேப் இருக்குது. கொம்பும் எறக்கையும்.”

புது டேப்! நான் சாப்பாட்டைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எல்லோருக்கும் முன்னால் போய்க் குமிழைப் பிடித்துக்கொண்டேன். வீடு நிறைந்தது. அத்தை பெட்டியைத் திறந்து டேப்பை எடுத்து டெக்குக்குள் தள்ளினார். தள்ளும்போது அதன் மூலையை நான் பார்த்தேன்.

எலி கடித்த மூலை.

அந்த டேப்பை எனக்குத் தெரியும்! அதன் மூலையை எலி கடித்தபோது அத்தை போட்ட சத்தம் லைன் முழுக்கக் கேட்டது. அது கொம்புக்காரர்கள் இறக்கைக்காரர்களிடம் கடைசி நிமிடத்தில் தோற்றுப்போன ஆட்டம். கடைசி எறியில், ஒரு நெட்டையன் ஆகாயத்தில் எழும்பி இரண்டு பேர் தலைக்கு மேலே பந்தைப் பிடித்துவிடுவான். அதைப் பார்த்துவிட்டு அத்தை இரண்டு நாள் கேஜ் அண்ணனோடு பேசவில்லை.

“அத்தே, இது...” என்று ஆரம்பித்தேன்.

“டேய்!” என்றார் கேஜ் அண்ணன். அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. அத்தை திரும்பிப் பார்த்தார். கேஜ் அண்ணன் உடனே சிரித்துக்கொண்டே, “குமிழ் புடிக்கிறவன் பேசக் கூடாது. படம் ஓடிடும். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு” என்றார்.

அப்போதுதான் எனக்குள் விளக்கு எரிந்தது. இவர்கள் ஒருவருக்கும் நினைவில்லை! இத்தனை பெரிய ஆட்களில் ஒருவருக்கும்! முடிவு தெரிந்த ஒரே ஆள் நான். காலாலேயே பையை ஜன்னல் பக்கம் தள்ளினேன். இறக்கை.

அத்தை அன்று அதிகம் பேசவில்லை. “கொம்புதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் உட்கார்ந்தார். அப்பா எழுந்து போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா உட்கார்ந்தார். குழாயடியில் கேட்ட பெண்கூட அங்கேயே போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியாகக் கேஜ் அண்ணன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறையைக் குறுக்கே கடந்து சுவர்ப் பக்கம் போனார்.

“இன்னாப்பா நீ, இந்தப் பக்கம்?” என்றார் அத்தை.

“இன்னிக்கு கொம்பு ஜெயிக்கும்னு தோணுதுக்கா. எத்தினி நாளு எதிர்ல ஒக்கார்றது?”

ஜன்னல் பக்கம் என் பை மட்டும் தனியாகக் கிடந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டங் டங்! கதவு மூடியாயிற்று.

அன்றைக்குப் போல அந்த வீட்டில் சத்தம் கேட்டதே இல்லை. கொம்புக்காரன் ஒரு கஜம் நகர்ந்தால் போதும், சுவரே இடிந்துவிடும் போலக் கத்தினார்கள். “முட்டு நிக்குது! முட்டு நிக்குது!” என்று அப்பா தொடையில் அடித்துக்கொண்டார். கேஜ் அண்ணன், “தோண்டுடா ராஜா, தோண்டு!” என்று எழுந்து நின்று ஆடினார். அத்தை முதலில் சும்மா இருந்தவர் மெல்ல மெல்ல முந்தானையைச் செருகிக்கொண்டார், பிறகு அவரும் கத்த ஆரம்பித்தார். நான் குமிழைப் பிடித்துக்கொண்டு, கத்துங்கள், கத்துங்கள், கடைசியில் இருக்கிறது உங்களுக்கு என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன்.

நெட்டையன் எழும்பினான். பிடித்தான். நான் குமிழை விட்டுவிட்டுக் குதித்தேன், படம் தலைகுப்புற ஓடியது, யாரும் திட்டவில்லை. சுண்டல் குண்டான் முழுக்க என் முன்னால் வந்தது. கேஜ் அண்ணன் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, “தீர்க்கதரிசிடா இவன்!” என்று வாசல்வரை கொண்டுபோனார். அத்தை அவருக்கு அடிச் சுண்டலைத் தட்டில் போட்டுக் கொடுத்து, “வர்ற ஞாயித்துக்கிழமையும் வந்துடுப்பா” என்றார்.

“வராம எங்கக்கா போவப் போறேன்?”

அடுத்த ஞாயிறும் வந்தார். எல்லோரும் வந்தார்கள். பெட்டியில் இருந்த டேப்புகளே மறுபடி மறுபடி வந்தன. வாரா வாரம் நான் ஜெயித்தேன், பெரியவர்கள் எல்லோரும் அத்தையோடு உட்கார்ந்து தோற்றார்கள். மாமாவுக்கு அங்கே வேறொரு குடும்பம் அமைந்துவிட்டது என்பது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது.

அந்த முதல் ஞாயிறில் நான் பார்த்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். கடைசி எறி. எறிகிறவன் கைக்குப் பந்து இன்னும் வரவே இல்லை. ஆட்கள் வரிசையில் குனிந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். அப்போதே கேஜ் அண்ணன், “ஐயோ, போச்சே!” என்று தலையில் கை வைத்துவிட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை டிவியை விட்டுவிட்டு அவர்கள் இருவரையும் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார், குழாயடிப் பெண்ணைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நெட்டையன் பந்தைப் பிடித்ததை அவர் பார்க்கவே இல்லை.

என் கணிப்பைக் கண்டு எல்லோரும் பயந்துபோய்விட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2026 பிப்ரவரி 9, திங்கட்கிழமை.